முதலாளிக்கு மேலே யார்?

3,000 நாட்காட்டிகள். அச்சடித்து, வெட்டி, கம்பி மாட்டி, ஐம்பது ஐம்பதாக அடுக்கியாகிவிட்டது. மறுநாள் காலை வண்டி வர வேண்டும். கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்மணி ஒரு பிரதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜூன் ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது சார். ஜூலையும் ஞாயிற்றுக்கிழமையில்தான் ஆரம்பிக்குமா?" என்று கேட்டார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவருக்கு உண்மையாகவே சந்தேகம்.

போய்ப் பார்த்தேன். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு தாள்களும் ஒரு நாள் பிசகியிருந்தன. அந்த இரவு முழுவதும் கம்பிகளைக் கழற்றி, ஆறு தாள்களையும் உருவியெடுத்து, புதிதாக அடித்துச் சேர்த்தோம். தாளும் மையும் கூலியும் போனது ஒரு பக்கம். பக்கம் வடிவமைத்த இளைஞனை எல்லோர் முன்னிலையிலும் நான் பேசிய பேச்சு இன்னொரு பக்கம். விடிவதற்குள் ஒரு விதியும் போட்டுவிட்டேன்: இனி என் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுத் தகடான பிளேட்டுக்குப் போகக் கூடாது.

விதி வேலை செய்தது. பிழைகள் நின்றுவிட்டன. பட்டது போதும், பாடம் படித்துவிட்டேன் என்று நம்பினேன். நான் படித்தது தவறான பாடம் என்று தெரிவதற்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. சிறு தொழில் நடத்துகிறவர்கள் நிர்வாகத்தை எங்கே, யாரிடம் கற்றுக்கொள்கிறார்கள் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

அச்சுத் தொழிலை எனக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது. தாளை விசிறிக் காற்றுப் புகவிட்டு அடுக்குவது, மை கூடிப்போனால் உருளைகளின் சத்தம் மாறுவதைக் காதாலேயே பிடிப்பது, வெட்டும் இயந்திரத்தில் கை வைக்கும் ஒழுங்கு என எல்லாவற்றையும் ஒருவர் பக்கத்தில் நின்று கற்றுத் தந்தார். தப்பு செய்தால் அந்த இடத்திலேயே தட்டிக் கேட்டார். ஆனால் ஒன்பது பேர் வேலை பார்க்கும் ஓர் இடத்தை நடத்துவது எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொந்தமாகத் தொடங்கிய அன்றே அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

பெரிய நிறுவனத்தில் ஒரு மேலாளருக்கு மேலே இன்னொரு மேலாளர் இருக்கிறார். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கிறார். கேட்பார் என்ற நினைப்பே முடிவெடுப்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க வைக்கிறது. சொந்தத் தொழில் நடத்துகிறவரைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அவருக்குச் சரக்கு விற்கிறவர்கள். அவரிடம் வேலை கொடுத்து விலையைக் குறைக்கச் சொல்கிறவர்கள். வீட்டில் அவர் களைப்பைப் பார்த்து வருந்துகிறவர்கள். இவர்களில் எவருக்கும் அவரிடம் முழு உண்மையைச் சொல்லும் வசதி இல்லை. சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. பணப் பற்றாக்குறையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். இந்த ஆள் பற்றாக்குறையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. எனக்கு அதுதான் பெரிய குறையாகப் படுகிறது.

'அனுபவம்தான் ஆசான்' என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. எந்த அனுபவம் என்று மட்டும் கேட்பேன். டேனியல் கானெமன், கேரி கிளைன் என்ற இரு உளவியலாளர்கள் நிபுணர்களின் உள்ளுணர்வை எப்போது நம்பலாம் என்பதைப் பற்றி 2009இல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கிளைன் தீயணைப்பு வீரர்களின் உடனடி முடிவுகளை ஆராய்ந்து வியந்தவர். கானெமன் நிபுணர்களின் தன்னம்பிக்கையைச் சந்தேகத்தோடு பார்த்தவர். எதிரெதிர் முகாம்களில் இருந்த இருவரும் ஓர் இடத்தில் ஒன்றுபட்டார்கள். சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். செய்ததன் விளைவு விரைவாகவும் தெளிவாகவும் திரும்பி வர வேண்டும். இந்த இரண்டும் இருந்தால்தான் அனுபவம் திறமையாக மாறும்.

இதைப் படித்தபோது என் இயந்திரக்கூடமும் என் மேசையும் கண்முன் வந்தன. மையின் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் சில நொடிகளில் தாள் வெளியே வந்து விழுகிறது. நிறம் கூடியதா குறைந்ததா என்று கண் சொல்லிவிடுகிறது. ஒரு நாளில் நூறு முறை திருப்பினால் நூறு பாடம். மேசையில் நடப்பது வேறு. ஒரு வாடிக்கையாளருக்கு 60 நாள் கடன் கொடுக்கிறேன். ஒருவனை வேலைக்கு எடுக்கிறேன். ஓர் ஆர்டரைப் பிடிப்பதற்காக விலையை இறக்குகிறேன். விளைவு வர ஆறு மாதம் ஆகிறது. வரும்போது பத்துக் காரணங்களோடு கலந்து வருகிறது. நல்லது நடந்தால் என் சாமர்த்தியம், கெட்டது நடந்தால் சந்தை சரியில்லை என்று எழுதிக்கொள்ள எவ்வளவோ இடம் இருக்கிறது. இருபது ஆண்டுகளில் அச்சுத் தொழிலாளியாக ஒருவர் மெருகேறுவது உறுதி. நிர்வாகியாக அவர் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடலாம். இரண்டும் ஒரே கூரையின் கீழ் நடப்பதால் வித்தியாசம் தெரிவதில்லை.

நிக்கோலஸ் புளூம், ஜான் வான் ரீனன் என்ற பொருளாதார அறிஞர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் பல நாட்டுத் தொழிற்சாலை மேலாளர்களை நீண்ட நேரம் பேட்டி கண்டு, அவர்களுடைய நிர்வாக முறைகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். அத்தகைய பேட்டிகளின் முடிவில், உங்கள் நிறுவனம் எவ்வளவு நன்றாக நடத்தப்படுகிறது, பத்துக்கு எத்தனை தருவீர்கள் என்று மேலாளர்களிடமே கேட்டார்கள். பெரும்பாலோர் தாராளமாகத் தந்துகொண்டார்கள். அந்த மதிப்பெண்ணுக்கும் நிறுவனத்தின் உண்மையான நிலைக்கும் தொடர்பே இல்லாத அளவுக்கு இருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவும் இல்லை. நாட்காட்டி இரவுக்கு மறுநாள் என்னைக் கேட்டிருந்தால் நானும் எட்டு என்றுதான் சொல்லியிருப்பேன்.

விதிக்கு வருகிறேன். கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் நிறுவனங்களில் நடக்கும் கற்றலை இரண்டாகப் பிரித்தார். அறையின் வெப்பம் குறைந்தால் ஹீட்டரை இயக்கவும், கூடினால் நிறுத்தவும் ஒரு கருவி இருக்கிறது. குறித்து வைத்த அளவிலிருந்து விலகினால் திருத்தத் தெரியும். அது முதல் வகைக் கற்றல். இந்த அளவை ஏன் வைத்தோம், யார் வைத்தார், இது சரியா என்று கேட்பது இரண்டாம் வகை. கருவியால் அது முடியாது. என் கையெழுத்து விதி முழுக்க முழுக்க முதல் வகை. பிழை வந்தது, தடுத்தேன். பிழை ஏன் என் அச்சகத்தில் கடைசிக் கட்டு வரை ஒருவர் கண்ணிலும் படாமல் வந்து சேர்ந்தது என்று நான் கேட்கவே இல்லை.

கேட்டவர் வேறொருவர். மரச்சாமான் பட்டறை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் ஒரு மாலை என்னைப் பார்க்க வந்திருந்தான். நான் வெளியே போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். மேசையில் நான்கு புரூஃப்கள், அதாவது பிழை பார்ப்பதற்கான மாதிரித் தாள்கள், கையெழுத்துக்காகக் காத்திருந்தன. இயந்திரம் நின்றிருந்தது. மூத்த இயந்திரக்காரர் ஓரமாக உட்கார்ந்து துணியால் பழைய பிளேட் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். "தம்பி, நீங்கள் வந்து பார்க்கட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்றார். நான் பெருமையோடு நண்பனைப் பார்த்தேன். என் கட்டுப்பாடு அவ்வளவு பலமாக இருக்கிறது அல்லவா?

நண்பன், "நீ வெளியே போகிற நாளில் இந்த இயந்திரம் எத்தனை மணி நேரம் நிற்கிறது?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. அவன் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. குறைகூட சொல்லவில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டான். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குக்கூட என்னோடு வந்தது.

மறுநாள் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் எடுத்து இயந்திரத்தின் பக்கத்தில் ஆணியில் கட்டித் தொங்கவிட்டேன். நின்ற நேரம், மறுபடி ஓடிய நேரம், காரணம். மூன்றே பத்தி. இயந்திரக்காரரிடம், இது உங்களைக் கண்காணிப்பதற்கு அல்ல, என்னைக் கண்காணிப்பதற்கு என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. ஆனால் நேர்மையாக எழுதினார். இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து கூட்டினேன். தாள் வராமல் நின்றது, மின்சாரம் போய் நின்றது, பழுதாகி நின்றது எல்லாம் சேர்ந்தும் காரணப் பத்தியில் 'தம்பி வரவில்லை' என்று அவர் எழுதியிருந்த மணிநேரங்களுக்குக் கிட்டே வரவில்லை. இரண்டாவது இயந்திரம் வாங்கக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் இயந்திரத்தை நிறுத்தி வைத்திருந்தது நான்தான்.

எடித் பென்ரோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1959லேயே இதைச் சொல்லியிருக்கிறார். ஒரு நிறுவனம் எவ்வளவு வேகமாக வளர முடியும் என்பதற்கு எல்லை போடுவது அதன் நிர்வாகிகளின் திறன்தான், உள்ளே இருப்பவர்கள் புதியவர்களைப் பழக்கி எடுக்க நேரம் ஆகும் என்றார். அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்த பிறகு எனக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து நான் செய்தது, இத்தனை ஆண்டுகளில் செய்திருக்க வேண்டியது. மூத்த இயந்திரக்காரரிடம் போய், "அண்ணா, நீங்கள் முன்பு வேலை பார்த்த இடத்தில் புரூஃப் எப்படிப் பார்ப்பார்கள்?" என்று கேட்டேன். அவர் துணியைக் கீழே வைத்தார். "இரண்டு பேர் உட்காருவார்கள் தம்பி. ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிப்பார். இன்னொருவர் அச்சான தாளில் விரல் வைத்துக்கொண்டே போவார். எண் வந்தால் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வேண்டும். தேதி வந்தால் கிழமையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். பக்கம் போட்டவனே திருத்தம் பார்க்கக் கூடாது. அவன் கண்ணுக்கு அவன் தப்பு தெரியாது."

நாட்காட்டி இரவிலும் இது அவருக்குத் தெரியும். நான் கத்திக்கொண்டிருந்தபோது மூன்று அடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு வரி எனக்கு இன்றும் வலிக்கிறது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குள் லட்சக்கணக்கான புதியவர்களை அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தபோது, மேற்பார்வையாளர்களுக்கென்று ஒரு பயிற்சித் திட்டம் உருவாக்கினார்கள். போருக்குப் பிறகு அது ஜப்பானுக்கும் போய் அங்கே வேர்விட்டது. அதில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம்: தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், பயிற்றுநர் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கம் வடிவமைத்த அந்த இளைஞனுக்குச் சரிபார்க்கும் முறை எதையும் நான் கற்றுக் கொடுத்திருக்கவில்லை. கவனமாக இரு என்று மட்டும் சொல்லியிருந்தேன். கவனமாக இரு என்பது கற்பித்தல் ஆகாது. தாமதமாகத்தான் என்றாலும், எல்லோர் முன்னிலையிலும் பேசியதற்கு எல்லோர் முன்னிலையிலும் அவனிடம் வருத்தம் தெரிவித்தேன். நிர்வாகத்தில் நான் கற்ற மிகக் கடினமான பாடம் அதுதான்.

பொறுப்பை விட்டுக்கொடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புளூமும் அவருடைய கூட்டாளிகளும் மும்பையைச் சுற்றியிருந்த நெசவு ஆலைகளில் ஒரு பெரிய பரிசோதனை நடத்தினார்கள். ஆலோசகர்களை மாதக்கணக்கில் ஆலைக்குள்ளேயே இருக்கவைத்து, பழுதைப் பதிவு செய்வது, சரக்கைக் கணக்கில் வைப்பது, இயந்திரத்தை முன்கூட்டியே பராமரிப்பது போன்ற எளிய முறைகளைப் பழக்கினார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. ஏன் இதையெல்லாம் முன்பே செய்யவில்லை என்று பார்த்தபோது, பல முறைகள் முதலாளிகளின் காதிலேயே விழுந்திருக்கவில்லை. சில காதில் விழுந்திருந்தும், நமக்கு இதனால் லாபமில்லை என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஆய்வில் என்னை அதிகம் பாதித்தது வேறொரு கண்டுபிடிப்பு. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளர்ந்திருந்தது என்பது அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்கள் இருந்தார்கள் என்பதோடு நெருங்கிய தொடர்புடையதாக இருந்தது. முக்கியமான பொறுப்புகளை வெளியாரிடம் கொடுக்கும் நம்பிக்கை இல்லை. சகோதரர்கள் தீர்ந்த இடத்தில் வளர்ச்சியும் தீர்ந்தது. எனக்குச் சகோதரர்கள் இல்லை. என் எல்லை என் கையெழுத்தாகவே இருந்தது.

நண்பனின் ஒற்றைக் கேள்வி எனக்குச் செய்ததை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்த ஒருவரைப் பற்றிப் பிறகு தெரிந்துகொண்டேன். ரெக் ரேவன்ஸ். 1907இல் பிறந்த ஆங்கிலேயர், இயற்பியல் படித்தவர். கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானிகள் கூடிப் பேசும்போது, தங்களுக்குத் தெரிந்ததைவிடத் தெரியாததையும் புரிபடாததையும்தான் ஒருவர் முன் ஒருவர் வைத்தார்கள் என்பது அவர் மனதில் பதிந்துவிட்டது. 1940களில் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் துறையில் கல்விப் பொறுப்புக்கு வந்தபோது சுரங்க மேலாளர்களை வகுப்பறைக்கு அனுப்புவதில் அவருக்கு நாட்டம் இல்லை. சிறு குழுக்களாக உட்கார்ந்து, ஒருவர் சுரங்கத்தின் உண்மையான சிக்கலை மற்றவர்கள் கேள்விகளால் துருவட்டும் என்றார். கற்றல் என்பது ஏற்கெனவே தொகுத்து வைத்த அறிவும் துளைக்கும் கேள்வியும் சேர்ந்தது என்று ஒரு சமன்பாடாகவே எழுதி வைத்தார்.

அதே வழியில் நாங்களும் ஒரு குழு தொடங்கினோம். ஐந்து பேர். மரச்சாமான், தையலகம், வாகனப் பழுது, மருந்துக் கடை, நான். ஒரே தொழிலில் இருவர் கூடாது என்பது முதல் நாளே வைத்துக்கொண்ட ஒழுங்கு. போட்டியாளர் முன் யாரும் பாக்கிப் பட்டியலைத் திறக்க மாட்டார்கள். மாதம் ஒரு மாலை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவருடைய ஒரு சிக்கல்தான். அவர் பத்து நிமிடம் சொல்வார். அதன் பிறகு அரைமணி நேரம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கலாம், யோசனை சொல்லக் கூடாது. இதுதான் எல்லோருக்கும் கஷ்டம். 'நீ ஏன் இப்படிச் செய்யக் கூடாது?' என்று யோசனையைக் கேள்விபோல் உடுத்தி அனுப்புவோம். தையலகம் நடத்தும் அம்மா அதை உடனே பிடித்துவிடுவார். "இது கேள்வி இல்லை, அடுத்தவர் கேளுங்கள்" என்பார். முடிவில் சிக்கலைச் சொன்னவர், அடுத்த மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறேன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். அதை இன்னொருவர் தன் நோட்டில் எழுதிக்கொள்வார். அடுத்த கூட்டம் அந்த ஒரு வரியில்தான் தொடங்கும். எழுதி வைத்த ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார் என்பதால் மாதக் கடைசியில் நான் எத்தனையோ வேலைகளை ஓடி ஓடி முடித்திருக்கிறேன்.

இது எங்கள் ஐந்து பேருக்கு மட்டும் பொருந்துகிற கதையோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. சீனாவின் நான்சாங் நகரில் ஜிங் சாய், ஆடம் சைடில் என்ற இருவர் 2,820 சிறு, நடுத்தர நிறுவனங்களை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த நிறுவனங்களின் மேலாளர்களைப் பத்துப் பத்துப் பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஓராண்டு காலம் மாதந்தோறும் சந்திக்க வைத்தார்கள். ஆசிரியர் என்று யாரும் இல்லை. சந்தித்தவர்களின் விற்பனை, சந்திக்காதவர்களைவிட 8.1 சதவீதம் கூடுதலாக இருந்தது. நிர்வாக முறைகளும் மேம்பட்டன. தங்களைவிட நன்றாக நடத்துகிறவர்கள் இருந்த குழுவில் விழுந்தவர்கள் கூடுதலாக வளர்ந்தார்கள். கூட்டங்கள் நின்று ஓராண்டுக்குப் பிறகும் பலன் தங்கியிருந்தது.

கென்யாவில் நைரோபியின் தண்டோரா பகுதியில் சிறு வியாபாரம் செய்யும் பெண்களிடையே நடந்த இன்னோர் ஆய்வை நான் இதைவிட நெருக்கமாக உணர்கிறேன். ஒரு பகுதியினருக்கு வகுப்பு. இன்னொரு பகுதியினருக்கு அதே ஊரில் நன்றாகத் தொழில் நடத்தும் ஒரு மூத்த பெண்மணியின் துணை. வகுப்புக்குப் போனவர்களின் லாபத்தில் மாற்றம் எதுவும் தெரியவில்லை. துணை கிடைத்தவர்களின் லாபம் சராசரியாக 20 சதவீதம் உயர்ந்தது. அந்த மூத்தவர்கள் பெரிய தத்துவம் எதையும் போதிக்கவில்லை. சரக்கை எங்கே மலிவாக வாங்கலாம் என்பது போன்ற அந்த இடத்துக்கே உரிய விஷயங்களைத்தான் சொன்னார்கள். சந்திப்புகள் நின்றதும் பலனும் மங்கியது. அதைத் திட்டத்தின் தோல்வியாக என்னால் பார்க்க முடியவில்லை. மேலே ஆள் இல்லாதவருக்கு அந்த இடத்தில் ஒருவர் நிற்பது, மருந்துபோல ஒரு முறை விழுங்கி முடிக்கிற விஷயம் இல்லை.

இப்படிச் சொல்வதால் வகுப்புகள் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் தொடங்கிய மூன்றாம் ஆண்டில் நான் ஐந்து நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். சம நிலைப் புள்ளி, அதாவது வரவும் செலவும் சமமாகும் இடம் என்று பலகையில் இரண்டு கோடுகளை வரைந்தார்கள். செலவை நிலையான செலவு, மாறும் செலவு என்று பிரித்தார்கள். எழுதிக்கொண்டேன், மறந்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பெரிய ஆர்டர் மிகக் குறைந்த விலைக்கு வந்தது. எடுப்பதா விடுவதா என்று இரண்டு இரவு தூங்கவில்லை. அப்போதுதான் அந்த இரண்டு கோடுகள் நினைவுக்கு வந்தன. பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். வாடகையும் சம்பளமும் எப்படியும் போகப்போகிறது, இந்த ஆர்டருக்கென்று கூடுதலாகப் போவது தாள், மை, பிளேட் மட்டும் என்று பிரித்துப் பார்த்ததும் பதில் தானாக வந்தது. ஆர்டரை எடுத்தேன், ஆனால் காலியாக இருந்த மாதத்துக்கு மட்டும். கேள்வி வருவதற்கு முன்பே பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள் என்பதுதான் வகுப்புகளின் சிக்கல்.

வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். டொமினிக்கன் குடியரசில் நடந்து 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் சிறு வியாபாரிகளில் சிலருக்கு முறையான கணக்கியல் பாடம் நடத்தினார்கள். வேறு சிலருக்கு ஒரு சில எளிய பழக்கங்களை மட்டும் சொன்னார்கள். வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் இரண்டு இழுப்பறைகளில் தனித்தனியே வை, தொழில் பணத்திலிருந்து உனக்கென்று ஒரு சம்பளம் எடுத்துக்கொள் என்பது போல. கணக்கியல் படித்தவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. எளிய பழக்கம் கற்றவர்களின் கணக்கு சீரானது. என் கல்லாப்பெட்டியும் வீட்டுப் பையும் ஒன்றாகவே இருந்த காலத்தில் தொழில் லாபத்தில் ஓடுகிறதா என்று எனக்கு நேர்மையாகவே தெரியாது. எனக்கென்று ஒரு சம்பளம் வைத்து, மாதம் முதல் தேதி அதை மட்டும் எடுத்துக்கொள்ளத் தொடங்கிய அன்றுதான் என் தொழிலின் முகத்தை முதன்முதலில் பார்த்தேன்.

மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 குறுந்தொழில் முனைவோரை வைத்து நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வழக்கமான நிர்வாகப் பாடத்துக்குப் பதிலாக, தானாக முன்வந்து செயல்படுவது, தடையை எதிர்பார்த்து மாற்று வழி வைத்திருப்பது போன்ற மனப்பழக்கங்களைப் பயிற்றுவித்த வகுப்பு லாபத்தை 30 சதவீதம் உயர்த்தியது. நல்ல வகுப்பு இருக்க முடியும். மாறாக, கானாவில் தையல்காரர்களுக்கு ஆலோசகர்களைக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் சொன்னதைக் கொஞ்ச நாள் செய்துவிட்டுப் பழைய வழிக்கே திரும்பிவிட்டார்கள். லாபமும் கூடவில்லை. ஆலோசகரை வைத்துக்கொண்டாலே எல்லாம் சரியாகும் என்று சொல்கிறவர்கள் அந்தத் தையல்காரர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். அவர்கள் சோம்பேறிகள் அல்ல. சொல்லப்பட்டது அவர்களுடைய வேலைக்குப் பொருந்தியதா என்று பார்ப்பதும் சொல்பவரின் வேலைதான்.

மும்பை ஆலைகளுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து மறுபடியும் போய்ப் பார்த்தார்கள். பழக்கிய முறைகளில் ஏறத்தாழப் பாதி கைவிடப்பட்டிருந்தது. மீதிப் பாதி நிலைத்திருந்தது. கைவிட்டதற்குக் கிடைத்த காரணங்களில் இரண்டு எனக்கு மிகவும் பழக்கமானவை: பொறுப்பிலிருந்த மேலாளர் போய்விட்டார், முதலாளிக்கு நேரம் இல்லை. என் இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிய நோட்டும் ஒரு முறை நின்றுபோனது. மூத்த இயந்திரக்காரர் ஓய்வு பெற்றுப் போன மாதம். புதிதாக வந்தவரிடம் ஏன் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை, எழுதுங்கள் என்று மட்டும் சொன்னேன். நான்கு வாரத்தில் பக்கங்கள் காலியாகிவிட்டன. மறுபடி அவரோடு உட்கார்ந்து, பழைய பக்கங்களைப் புரட்டி, 'தம்பி வரவில்லை' என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். சிரித்துவிட்டார். அன்றிலிருந்து எழுதுகிறார். என் பெயரும் அவ்வப்போது வருகிறது.

இப்போது மறுபடியும் நாட்காட்டிப் பருவம். நேற்று மாலை கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் புரூஃப் படித்துக்கொண்டிருந்தார்கள். அன்று ஜூலையைப் பிடித்த அதே பெண்மணி மூலத்தை வைத்திருந்தார். அன்று என்னிடம் திட்டு வாங்கிய இளைஞன், இன்று இரண்டு பேருக்குப் பக்க வடிவமைப்புச் சொல்லித் தருகிறவன், வேறொருவர் போட்ட பக்கத்தில் விரல் வைத்திருந்தான். கதவு திறந்தே இருந்தது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

"ஜூன் முப்பது."

"செவ்வாய்."

"ஜூலை ஒன்று."

"புதன்."

தாள் புரளும் சத்தம் கேட்டது. நான் பாக்கிப் பட்டியலில் அடுத்த வரிக்குப் போனேன்.